கிளிநொச்சியில் ஒரு நிமிர்வுப் பயிற்சி வகுப்பு: பதாகை சொல்வதும் உள்ளே நடப்பதும்

கிளிநொச்சி நகரத்தில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஓர் ஒழுங்கையில், உடலின் நடுப்பகுதித் தசைகளுக்கான பயிற்சியையும் சமநிலைப் பயிற்சியையும் இளைஞர்களுக்குக் கற்பிக்கும் சிறிய நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. பெரும்போக விதைப்பு முடிந்த கையோடு சேர்ந்து, அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கும் காலம் வரை அதன் மாலை வகுப்பில் பங்கேற்றவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வாசலில் தொங்கும் பதாகை, முப்பது நாட்களில் கூன் நிமிரும் என்றும் உயரம் கூடும் என்றும் சொல்கிறது. உள்ளே கற்பிப்பவர் அப்படி எதையும் சொல்வதில்லை. பதாகையை வாசித்துப் போகிறவர்கள் ஏமாற்றத்துடன் திரும்புவார்கள். கற்பிப்பவர் சொல்வதைக் கேட்டுச் செய்பவர்களுக்குக் கொடுத்த பணம் வீண்போகாது.

வயலில் குனிந்து நிமிர்கிற, மண்வெட்டி பிடிக்கிற வன்னி உடலுக்குத் தனியே பயிற்சி எதற்கு என்ற கேள்வி என் வீட்டிலும் எழுந்தது. ஆனால் அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் மாணவனும், ஆடைத்தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் தலை கவிழ்ந்திருக்கும் பெண்ணும், கணக்குப் பிரிவொன்றில் கணினித் திரையை உற்றுப் பார்த்தபடி இருக்கும் என்னைப் போன்றவனும் வயலில் நிற்பதில்லை. உயர்தரம் படித்த காலத்தில் சாய்வதற்கு இடமில்லாத ரியூசன் வாங்குகளில் மணிக்கணக்காக இருந்து பழகிய முதுகு, பின்னர் நல்ல கதிரை கிடைத்தாலும் அதே வளைவிலேயே போய் நிற்கிறது. வயல் வேலை செய்பவர்களும் இதிலிருந்து தப்பியவர்களல்லர். குனிந்தபடி களை பிடுங்குவது உடலை உழைக்க வைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரே பக்கத்துத் தசைகளை, ஒரே கோணத்தில், நாட்கணக்காக உழைக்க வைக்கிறது. எங்கள் வகுப்பில் "நாரி உழையுது", அதாவது கீழ்முதுகு நோகிறது, என்ற முறைப்பாட்டுடன் வந்தவர்களில் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் கணிசமாகவே இருந்தார்கள்.

சேரும் நாளில் நடக்கும் சோதனைதான் இந்நிலையத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பயிற்றுநர் இயன்மருத்துவம் படித்தவர். விலையுயர்ந்த கருவி எதுவும் அவரிடம் இல்லை. மேசன்மார் சுவர் எழுப்பும்போது பிடித்துப் பார்க்கும் தூக்குக்குண்டு ஒன்றைக் கூரை வளையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார். வெறுங்காலுடன் அந்த நூலுக்குப் பக்கவாட்டாக எம்மை நிறுத்தி, கணுக்காலின் வெளிப்புறத்தில் புடைத்து நிற்கும் எலும்புக்குச் சற்று முன்னால் நூல் விழும்படி சரிசெய்துவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டு போகிறார். உடல் நேராக நிற்குமானால் அந்த நூல் முழங்கால் மூட்டின் நடுவுக்குச் சற்று முன்னாலும், இடுப்பு மூட்டுக்குச் சற்றுப் பின்னாலும், தோள் மூட்டின் ஊடாகவும், காதின் ஊடாகவும் செல்ல வேண்டும். என் காது நூலைத் தாண்டி முன்னே போயிருந்தது. அதன் பின்னர் பிடரியின் அடியில் கைக்குத் தட்டுப்படும் ஏழாவது கழுத்து முள்ளெலும்பின் மேல் ஓர் ஒட்டுப்பொட்டை ஒட்டி, பக்கவாட்டில் படம் எடுத்து, அந்தப் பொட்டிலிருந்து காதுத் துவாரத்தின் முன்னால் உள்ள சிறு குருத்தெலும்பு வரை ஒரு கோடு கீறி, அது கிடைக்கோட்டுடன் ஆக்கும் கோணத்தைக் கைபேசியிலேயே அளக்கிறார். அது ஏறத்தாழ 50 பாகைக்குக் குறைந்தால் தலை முன்னே தள்ளிப் போயிருக்கிறது என்று கொள்வது இயன்மருத்துவத்தில் உள்ள வழக்கம். நாலரை, ஐந்து கிலோ நிறையுள்ள தலை தோளுக்கு நேர்மேலே இருக்கும்போது பிடரித் தசைகளுக்கு வேலை குறைவு. அது முன்னே போகப் போக அதே நிறையைத் தாங்க அவை இன்னும் கூடுதலாக இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மாலையில் பிடரி கல்லாக இறுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வகுப்பின் முதற் பாதி நடுத்தசைகளுக்கு உரியது. வயிற்றின் முன்புறத்தில் தெரியும் கட்டுகளை மட்டும் நினைத்துக்கொண்டு வரும் இளைஞர்கள் இங்கே சற்றுத் திகைத்துப் போவார்கள். வயிற்றைச் சுற்றிக் குறுக்காக ஓடும் ஆழமான தசை, முள்ளந்தண்டை ஒட்டி எலும்புக்கு எலும்பு பற்றியிருக்கும் சிறு தசைகள், மேலே மூச்சை இயக்கும் பிரிமென்றகடு, கீழே இடுப்புத் தளத் தசைகள் ஆகிய அனைத்தும் சேர்ந்தே நடுவுடலைத் தாங்குகின்றன. பயிற்சிகளின் தெரிவு நிதானமானது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முள்ளந்தண்டின் இயக்கவியலை நீண்டகாலம் ஆராய்ந்த ஸ்டுவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகளே வகுப்பின் அடித்தளம்: ஒரு காலை மடித்து, நாரியின் கீழ் கைகளை வைத்துத் தலையையும் தோளையும் மட்டும் சற்றே உயர்த்துவது, ஒரு பக்கமாகச் சரிந்து முழங்கையை ஊன்றி உடலை நேராகத் தூக்கிப் பிடிக்கும் பக்கவாட்டு பிளாங்க், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று எதிரெதிர்ப் பக்கத்துக் கையையும் காலையும் நீட்டும் பேர்ட் டோக். ஒவ்வொன்றையும் பத்துச் செக்கன் அளவில் பிடித்து, விட்டு, மீண்டும் பிடிக்க வேண்டும். மூன்று நிமிடம் பிளாங்க்கில் நின்று காட்டுகிறேன் என்று வந்த ஒரு மாணவன் முதல் நாளிலேயே நிறுத்தப்பட்டான். அவனது நாரி தொட்டிலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, நேரத்தை விடுங்கோ, முதல்ல நாரியைப் பாருங்கோ. மூச்சை அடக்காதையுங்கோ" என்று பயிற்றுநர் சொன்ன வாக்கியத்தை அந்த அறையில் ஒவ்வொரு மாலையும் கேட்கலாம்.

ஆழமான வயிற்றுத் தசையின் மீது இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது என்பதையும் அவர் மறைக்காமல் விளக்குகிறார். 1996 இல் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் ஹொட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான ஒருவர் கையைத் தூக்கும்போது கைத்தசைக்கு முன்னரே இந்தக் குறுக்குத் தசை இறுகிவிடுகிறது என்பதும், நாரி நோவு உள்ளவர்களில் அது பிந்துகிறது என்பதும் காட்டப்பட்டது. உலகெங்கும் நடுத்தசைப் பயிற்சி ஓர் அலையாகப் பரவியதற்கு அந்த ஆய்வு பெரிய உந்துதலாக இருந்தது. ஆனால் நாட்பட்ட நாரி நோவுக்கு இத்தகைய பயிற்சி எவ்வளவு உதவுகிறது என்பதைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2016 ஆம் ஆண்டு மீளாய்வு, சும்மா இருப்பதை விட இது நல்லது என்றும், மற்ற வகை உடற்பயிற்சிகளுடன் ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை என்றுமே முடிவு சொன்னது. தான் விற்கும் பொருள் மற்றப் பொருட்களை விட உயர்ந்ததல்ல என்று வாடிக்கையாளரிடமே சொல்லும் கடைக்காரரை நான் அதிகம் கண்டதில்லை. தினமும் நீந்துகிறவரோ கரப்பந்து விளையாடுகிறவரோ இங்கு வந்தே ஆகவேண்டும் என்பதில்லை என்று அவர் வெளிப்படையாகவே கூறினார்.

இரண்டாவது பாதி சமநிலைக்கு உரியது. அறையின் ஒரு மூலையில் இடுப்பளவு உயரத்தில் இரண்டு இணையான இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. போரில் காலை இழந்து செயற்கைக் கால் பொருத்தியவர்கள் காலை வேளைகளில் அவற்றைப் பிடித்து நடை பழகுகிறார்கள். வன்னியில் சமநிலைப் பயிற்சி என்றால் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அதுதான். இரண்டு கால்களும் உள்ள இருபது வயதுக்காரனுக்கு அது எதற்கு என்ற ஏளனம் புதிதாக வருபவர்களின் முகத்தில் தெரியும். ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடச் சொன்னதும் அந்த ஏளனம் போய்விடுகிறது. கண், உட்காது, பாதத்திலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் தசைகளிலிருந்தும் வரும் உணர்வு ஆகிய மூன்றையும் கலந்தே மூளை உடலை நிறுத்தி வைக்கிறது. கண்ணைத் திறந்தபடி அரை நிமிடத்திற்கு மேல் அசையாமல் நிற்கும் இளைஞர்களிற் பலர், கண்ணை மூடியதும் பதினைந்து செக்கனுக்குள் மற்றக் காலை ஊன்றிவிடுகிறார்கள். அப்போது ஊன்றிய காலின் கணுக்காலைப் பார்த்தால், பாதத்தின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் மாறி மாறி நிலத்தை அழுத்துவதையும், விரல்கள் சீமெந்துத் தரையைப் பற்ற முயல்வதையும் காணலாம். நேராக நிற்பது என்பது ஓர் அசைவற்ற நிலை அன்று, ஓயாத சிறு திருத்தங்களின் தொடர்ச்சி என்பதை எந்த விரிவுரையையும் விட அந்தக் கணுக்கால் தெளிவாகக் காட்டியது.

அதன் பிறகு நுரைமெத்தையின் மேல் நிற்பதும், உள்ளூர்த் தச்சர் ஒருவர் வேப்பம் பலகையில் செய்து கொடுத்த ஆடும் பலகையின் மேல் நிற்பதும் வருகின்றன. அரைக்கோள வடிவான றப்பர்ப் பந்து ஒன்றும் அண்மையில் வாங்கி வைக்கப்பட்டிருக்கிறது. பதாகையில் பெரிதாக அச்சிடப்பட்டிருப்பதும் அதுதான். அதற்காகச் செலவழித்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. சமநிலைப் பயிற்சியின் பயன் பழகிய செயலோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பந்தின் மேல் நிற்கப் பழகியவர் பந்தின் மேல் நிற்பதில் தேர்ச்சி பெறுகிறார், அது கதிரையில் இருக்கும் முதுகுக்குத் தானாகவே போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. ஒற்றைக்காலில் நின்றபடி மற்றக் காலை முன்னும் பக்கமும் பின்னும் எட்டக்கூடிய தூரம் வரை நீட்டித் தொட்டு மீளும் பயிற்சிக்கு நிலத்தில் ஒட்டிய மூன்று நாடாக்களே போதும். இடுப்புக்கும் முழங்காலுக்கும் அது தரும் வேலை பந்து தருவதை விடக் கூடுதல்.

பலனுக்கு வருகிறேன். இறுதியில் மீண்டும் எல்லாவற்றையும் அளந்தார்கள். கண்ணை மூடி நிற்கும் நேரம் எனக்கு இரட்டிப்பைத் தாண்டியிருந்தது; பக்கவாட்டு பிளாங்க்கில் இடது, வலது பக்கங்களுக்கிடையில் இருந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்திருந்தது; கழுத்துக் கோணமோ ஓரிரு பாகைதான் கூடியிருந்தது. முதல் இரண்டையும் நம்புகிறேன், ஒரு தள்ளுபடியுடன்: ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யும் எவரும் அந்தச் சோதனையில் தேறுவார், அத்துடன் தொடக்க வாரங்களில் வரும் முன்னேற்றம் தசை பருப்பதால் அல்லாமல், இருக்கும் தசையை நரம்பு மண்டலம் திறமையாக வேலை வாங்கப் பழகுவதால் வருவது. மூன்றாவதை நம்பத் தயங்குகிறேன். ஒட்டுப்பொட்டைச் சற்று மேலே ஒட்டினாலே அந்த அளவு வேறுபாடு வரும். அதைவிட, என் முதற் படம் வேலை முடிந்து களைத்து வந்த மாலையில் எடுக்கப்பட்டது, இரண்டாவது படம் விடுமுறை நாளொன்றின் காலையில் எடுக்கப்பட்டது. படம் எதற்கு என்று தெரிந்தவர் இரண்டாவது முறை தன்னை அறியாமலே நெஞ்சை நிமிர்த்துவார் என்பதும் இருக்கிறது. பதாகையில் உள்ள "முன்னர், பின்னர்" படங்களையும் இந்தக் கண்ணோடு பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு படங்களையும் ஒரே நேரத்தில், ஒரே உடையில், கமராவை ஒரே தூரத்தில் வைத்து எடுப்பது நிலையத்திற்குச் சிரமமான காரியம் அன்று.

அளவுகோலுக்குள் அகப்படாத மாற்றம் ஒன்றும் உண்டு. முன்பெல்லாம் முதுகை நிமிர்த்தி இருக்க முயன்றால் சில நிமிடங்களில் களைத்துவிடும். இப்போது அதே நிமிர்வு அதிக முயற்சியின்றி நீடிக்கிறது. பயிற்சி முதுகைப் புதிதாக வார்த்து எடுத்துவிடவில்லை. நிமிர்ந்திருப்பதற்கான செலவைக் குறைத்திருக்கிறது. நிமிர்வதா இல்லையா என்பதை இன்னமும் நானேதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது, கைபேசியைக் கையில் எடுத்ததும் அந்தத் தீர்மானம் பெரும்பாலும் தோற்றுப்போகிறது. இங்கே வகுப்பின் பெரிய குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். வருகிறவர்களிற் பெரும்பாலோரின் சிக்கல் கழுத்திலும் தோள்பட்டையிலும் இருக்க, பயிற்சியின் பெரும்பகுதி நாரியைச் சுற்றியே நடக்கிறது. நாடியை (மோவாயை) உள்ளிழுத்துக் கழுத்தின் முன்புற ஆழ்தசைகளை வேலை வாங்கும் பயிற்சியும், றப்பர் பட்டியை இழுத்துத் தோள்பட்டை எலும்புகளைப் பின்னே கொண்டு வரும் பயிற்சியும் இறுதியில் அவசர அவசரமாகத் தொட்டுச் செல்லப்படுகின்றன. தலை முன்னே தள்ளிய நிலையைக் குறைப்பதில் ஓரளவு பலன் தருபவை இவையே. ஆடும் பலகைக்குச் செலவிடும் நேரத்திற் பாதியை இவற்றுக்குக் கொடுக்கலாம்.

உயரம் கூடும் என்ற வாக்குறுதி பற்றித் தனியே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பொலிஸ் சேவைக்கு விண்ணப்பிக்க உயரம் போதாத பையன்களைத் தாய்மார் அதை நம்பியே கூட்டி வருகிறார்கள். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிய பிறகு எந்தப் பயிற்சியாலும் எலும்பு நீளாது. கூனி நிற்பவர் நிமிர்ந்து நின்றால் அளவுகோலில் சற்றுக் கூடுதலாகத் தெரிவார். முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டுகள் இரவில் நீரை உறிஞ்சி உப்புவதால் எல்லோருமே மாலையை விடக் காலையில் ஒரு சென்ரிமீற்றர் அளவு உயரமாக இருப்பார்கள். அவ்வளவுதான். எலும்பின் அமைப்பிலேயே வந்த கூனும், முள்ளந்தண்டின் பக்கவாட்டு வளைவும் பிளாங்க்கால் நேராகிவிடுவதில்லை. அத்தகைய ஒரு பிள்ளையை முன்னே குனியச் சொல்லி, முதுகின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை விட உயர்ந்து எழுவதைக் கண்டதும், பயிற்றுநர் கட்டணத்தை வாங்காமல் வைத்தியசாலைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லி அனுப்பியதைக் கண்டேன். அவரது நேர்மைக்கு அந்தப் பதாகை ஒவ்வாதது. அதை அச்சடித்தவர் கட்டடத்தின் உரிமையாளராம்.

எதிர்பாராமல் கிடைத்த நன்மை ஒன்று, மண்வெட்டிப் பிடியை வைத்துக் கற்பிக்கும் பாடம். பிடியை முதுகோடு நெடுக்காக வைத்து, பின்தலை, முதுகின் மேற்பகுதி, வால் எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் அது தொட்டுக்கொண்டே இருக்க, இடுப்பு மூட்டிலிருந்து மட்டும் முன்னே சரிய வேண்டும். மூன்றில் ஒன்று விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். பிடியோடு சரிவரச் செய்தவர்களுக்கு, பாதியளவு மணல் நிரப்பிய உரப்பையைத் தூக்கக் கொடுக்கிறார்கள். 50 கிலோ உரப்பையை வாழ்நாள் முழுவதும் தூக்கப்போகிற அக்கராயன் பக்கத்துப் பையன்களுக்கு இந்த ஒரு பாடத்திற்காகவே கட்டணத்தைக் கொடுக்கலாம். பதாகையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தகரக் கூரை என்பதால் மாரி கழிந்த பிறகு மாலை வகுப்பு வெக்கையில் வேகும். காலை வகுப்பே உகந்தது. வீட்டிலிருந்து பன்பாயைக் கொண்டு வருபவர்கள் உண்டு. அழுத்தித் தேய்த்த சீமெந்துத் தரையில் அது வழுக்குவதால் றப்பர் விரிப்புத்தான் சரி. பெண்களுக்கான தனி வகுப்பு கிழமை நாட்களின் பிற்பகலில் மட்டுமே நடக்கிறது. இதை யார் தீர்மானித்தார்களோ தெரியாது, அந்த நேரத்தில் ஆடைத்தொழிற்சாலைப் பெண்கள் ஒருவராலும் வர முடியாது. அவர்களுக்குத்தான் பிடரியும் தோளும் அதிகம் உழைகின்றன. மாலையில் ஆண்களோடு கலந்து, குப்புறப்படுத்தும் மல்லாந்தும் செய்யும் பயிற்சிகளுக்கு வரக் கூச்சப்பட்டு இரண்டொரு நாளில் நின்றுவிட்ட பிள்ளைகளை நான் அறிவேன். ஞாயிற்றுக்கிழமைக் காலையை அவர்களுக்கென ஒதுக்கி, வீதிப் பக்கத்து யன்னலுக்கு ஒரு திரை போட்டால் அந்த வகுப்பு நிரம்பிவிடும்.

மாதக் கட்டணம் நகரத்தில் உள்ள சாதாரண ஜிம்களை விடச் சற்றுக் கூடுதல். ஒரு வகுப்பில் ஆட்களைக் குறைவாகவே சேர்த்து, ஒவ்வொருவரின் முதுகையும் கிட்ட வந்து பார்த்துத் திருத்துவதால் அந்தக் கூடுதலை நான் குறையாகச் சொல்லமாட்டேன். நாட்பட்ட நோவோ, காலில் விறைப்போ மரப்போ உள்ளவர்கள் முதலில் வைத்தியரைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பதைப் பதிவின்போதே கேட்டு எழுதிக்கொள்கிறார்கள், அதுவும் பாராட்டத்தக்கது. பயிற்சியை நிறுத்தினால் பெற்ற பலன் சில வாரங்களிலேயே தேயத் தொடங்கும் என்பதால், முடித்துச் செல்பவர்களுக்கு வீட்டில் தொடர்ந்து செய்ய ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. அந்தத் தாள் பல தடவை போட்டோப்பிரதி எடுத்து மங்கிப்போன ஆங்கிலத் தாள். படங்கள் கறுத்த திட்டுகளாகத் தெரிகின்றன, பிரிமென்றகட்டால் மூச்சு விடும் முறை எழுதப்பட்ட மூலை வெட்டுப்பட்டிருக்கிறது. வகுப்பில் சொல்வதையே தமிழில் எழுதி, கோட்டுப் படங்களோடு ஒரு பக்கத்தில் அடித்துக் கொடுக்குமாறு பயிற்றுநரிடம் கேட்டிருக்கிறேன். படம் கீறித் தருவதற்கு எங்கள் வகுப்பிலேயே சித்திரம் படித்த ஒரு தங்கை ஒப்புக்கொண்டிருக்கிறாள்.